இலை சிவக்கும் வாரம்: நியூ ஹாம்ப்ஷயர் மலைச்சாலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

செப்டம்பர் பாதி தாண்டினால் போதும், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஒரே கேள்விதான். "கலர் வந்துடுச்சா? எங்கே போகலாம்?" யாராவது ஒருவர் போன வருடம் எடுத்த படத்தைப் போடுவார். அதை நம்பிச் சனிக்கிழமை பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பி, நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து போய், பச்சை மரத்தையோ மொட்டை மரத்தையோ பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏராளம். அவர்களில் நானும் ஒருவன்.

அந்த வருடம் மாமனாரும் மாமியாரும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். மேப்பிள் மரம் தீப்பிடித்த மாதிரி இருக்கும் என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன். போய் இறங்கிய இடத்தில் எல்லா மரமும் பச்சைப் பசேல். மாமா காரை விட்டு இறங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏன் மாப்ள, இதுக்கு நம்ம கொடைக்கானலே போயிருக்கலாமே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இத்தனைக்கும் அங்கிருந்து அரை மணி நேரம் மேலே ஏறியிருந்தால் அவர் கேட்ட சிவப்பு கிடைத்திருக்கும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஒன்பது முறை போயாயிற்று. தெரிந்துகொண்டது இதுதான்: நிறம் ஓர் இடத்தில் வந்து நமக்காக உட்கார்ந்திருக்காது. வடக்கிலிருந்து தெற்கே, மலை உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு, நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே தேதியைத் துல்லியமாகக் கணிக்கப் பார்ப்பதைவிட, பல உயரங்களைக் கடந்து போகிற ஒரு சாலையைப் பிடிப்பது நல்லது. ஒரே நாளில் ஏறி இறங்கினால் ஏதாவது ஓர் உயரத்தில் நிறம் மாட்டியே தீரும்.

அப்படி ஒரு சாலை நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறது. பெயர் காங்காமாகஸ் நெடுஞ்சாலை, எண் 112. உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக "காங்க்" என்பார்கள். லிங்கன் என்ற ஊருக்கும் கான்வே என்ற ஊருக்கும் நடுவே 34.5 மைல், அதாவது 55 கிலோமீட்டர். கான்வே சுமார் 450 அடி உயரத்தில் இருக்கிறது, லிங்கன் 800 அடி. நடுவில் உள்ள கணவாய் 2,855 அடி. பதினேழாம் நூற்றாண்டில் பென்னகுக் பழங்குடிக் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவரின் பெயரைத்தான் சாலைக்கு வைத்திருக்கிறார்கள். அநேகமாக முழுச் சாலையும் வெள்ளை மலை தேசியக் காட்டுக்குள் போகிறது.

முதலில் இலையைப் புரிந்துகொள்ளுங்கள்

இது பாடமில்லை. எந்த வருடம் நன்றாக இருக்கும், எந்த வாரம் கிளம்பலாம் என்று நீங்களே முடிவெடுக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சள் நிறம் இலைக்குள் கோடை முழுக்க இருப்பதுதான். பச்சையம் அதை மூடி வைத்திருக்கிறது. பகல் சுருங்கிக் குளிர் வர ஆரம்பித்ததும் மரம் புதிதாகப் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது, மூடி விலகி மஞ்சள் வெளியே தெரிகிறது. அதனால் பிர்ச் மரத்து மஞ்சள் எந்த வருடமும் அநேகமாக ஏமாற்றாது.

சிவப்பு அப்படி இல்லை. அதை மரம் அந்த நேரத்தில் புதிதாகத் தயாரிக்கிறது. இலைக்காம்பின் அடியில் தக்கை போல ஓர் அடுக்கு உருவாகி, இலையிலிருந்து சர்க்கரை கீழே இறங்கும் வழியை அடைக்கிறது. இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து, வெயிலின் துணையோடு, ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி உண்டாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி விழாத அளவுக்குக் குளிர் என்று ஒரு வாரம் தொடர்ந்தால் சிவப்பு அள்ளும். வாரம் முழுக்க மூட்டமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தால் சோபை குறைந்துவிடும். கோடையில் கடும் வறட்சி என்றால் இலை ஓரம் கருகிச் சீக்கிரமே உதிரும். அதிக மழை என்றால் பூஞ்சை பிடித்துப் புள்ளி புள்ளியாகப் பழுப்பேறும்.

நம் ஊர் மாந்தளிரின் செந்நிறத்துக்குக் காரணமும் இதே ஆந்தோசயனின்தான். அங்கே பிறக்கும்போது சிவப்பு, இங்கே போகும்போது சிவப்பு.

மாமியார் ஒரு முறை வழியில் மேப்பிள் இலை ஒன்றைப் பொறுக்கிக் கொண்டு வந்து காட்டினார். இலை முழுக்க ரத்தச் சிவப்பு, நடுவில் மட்டும் இன்னோர் இலையின் வடிவத்தில் மஞ்சள், அச்சு வைத்த மாதிரி. மருதாணி வைத்த கையில் இலையை ஒட்டி எடுத்தாற்போல இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டார். யாரும் செய்யவில்லை. மரத்தில் இருந்தபோது மேலே ஓர் இலை அதன்மேல் படிந்து வெயிலை மறைத்திருக்கிறது. வெயில் படாத இடத்தில் சிவப்பு உண்டாகவில்லை, அவ்வளவுதான். இறங்கி நடக்கும்போது தேடிப் பாருங்கள், இப்படிப்பட்ட இலைகள் நிறையக் கிடைக்கும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு வேண்டாம்.

எந்த வாரம்

காங்கின் உயரமான பகுதிகளில் செப்டம்பர் கடைசியிலேயே நிறம் ஏறிவிடும். சாலை முழுவதற்குமாகச் சேர்த்துப் பார்த்தால் அக்டோபர் முதல் பத்துப் பன்னிரண்டு நாட்கள்தான் காலம். வருடத்துக்கு வருடம் ஒரு வாரம் முன்னே பின்னே போகும். முதலில் சிவப்பது ஈரமான தாழ்நிலத்தில், சதுப்பு ஓரங்களில் நிற்கும் சிவப்பு மேப்பிள். அப்புறம் சர்க்கரை மேப்பிள், ஆரஞ்சும் சிவப்புமாக. பிர்ச், பீச் மரங்கள் மஞ்சள். கடைசியில் ஓக், செங்கல் பழுப்பில்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை இங்கே பொது விடுமுறை. எல்லையின் அந்தப் பக்கம் கனடாவிலும் அன்றைக்குத்தான் நன்றி அறிவிப்பு நாள். அந்த மூன்று நாளில் போவதும் தைப்பூசத்தன்று பழனிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போவதும் ஒன்று. ஒரே ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியுமென்றால் அதற்கு முந்தைய வாரத்துச் செவ்வாயிலோ புதனிலோ எடுங்கள். நிறம் பத்து விழுக்காடு குறைந்திருந்தாலும் பரவாயில்லை, பார்க்கும் நிம்மதி இரண்டு மடங்கு. விடுமுறை வாரத்தை விட்டால் வழியே இல்லை என்பவர்கள் காலை ஏழரைக்குள் மலைக்குள் நுழைந்துவிடுங்கள். தங்குவதாக இருந்தால் ஜூன், ஜூலையிலேயே அறை போட வேண்டும், ரத்து செய்ய இடம் தருகிற அறையாகப் பார்த்து. லிங்கனிலும் நார்த் கான்வேயிலும் விலை எகிறிவிட்டால் தெற்கே இருக்கும் பிளிமத்தில் தேடிப் பாருங்கள்.

நிற அறிக்கையை எப்படிப் படிப்பது

நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மேய்ன் மூன்று மாநிலங்களும் இந்தப் பருவத்தில் இலை நிற அறிக்கை வெளியிடுகின்றன. வரைபடத்தில் பகுதி பகுதியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு என்று தீட்டியிருப்பார்கள். "பீக்" என்றால் உச்சம், "பாஸ்ட் பீக்" என்றால் முடிந்துவிட்டது. இதில் புதியவர்கள் செய்யும் தவறு, பீக் என்று போட்ட பிறகு திட்டம் போடத் தொடங்குவது. நீங்கள் அறிக்கையைப் படித்து, விடுப்பு கேட்டு, கிளம்பிப் போவதற்குள் நான்கைந்து நாள் ஓடியிருக்கும். நடுவில் ஒரு ராத்திரி காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் சிவப்பு மேப்பிள் முழுசாக உதிர்ந்துவிடும். எழுபது, எண்பது விழுக்காடு என்று காட்டும்போதே கிளம்புங்கள். பச்சை கொஞ்சம் கலந்திருந்தால்தான் சிவப்பு எடுத்துக்காட்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று, அந்த விழுக்காடு பகுதி முழுவதற்கும் சேர்த்துச் சொல்வது. 500 அடியில் இருக்கும் ஆற்றங்கரையும் 2,800 அடியில் இருக்கும் கணவாயும் ஒரே வண்ணத்தில்தான் வரைபடத்தில் தெரியும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் மலைப்பகுதி விடுதிகளும் பனிச்சறுக்கு மையங்களும் வைத்திருக்கும் நேரலைக் கேமராக்களைப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் படத்தை நம்ப வேண்டாம். அது எந்த வருடத்துப் படம் என்று போட்டவருக்கே நினைவிருக்காது.

கிளம்புகிற நாள்

பாஸ்டனிலிருந்து லிங்கனுக்கு 93ஆம் எண் நெடுஞ்சாலையில் நேராகப் போனால் சுமார் 130 மைல், இரண்டேகால் மணி நேரம். பெரும்பாலோர் அப்படித்தான் போவார்கள். நான் வேறு மாதிரி சொல்வேன்: 95ஐப் பிடித்து, அப்புறம் 16ஆம் எண் சாலையில் கான்வேக்குப் போங்கள். காங்கைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்து, லிங்கன் வழியாக 93இல் திரும்புங்கள். காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதால் கண் கூசாது. கான்வே ஊரின் தெற்கு நுனியிலேயே 112க்குத் திரும்பிவிடுவதால் அதற்கு வடக்கே நார்த் கான்வே கடைத்தெருவில் நிற்கும் நெரிசலில் மாட்டமாட்டீர்கள். போதாததற்கு வழியில் சொக்கோருவா ஏரி வரும். ஏரிக்கு அப்பால் பாறை முகட்டோடு சொக்கோருவா மலை. காற்றில்லாத காலையில் மலையும் மரங்களும் தண்ணீரில் தலைகீழாக நிற்கும். ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் அங்கே இருக்கலாம். காப்பி பிளாஸ்க்கைத் திறக்க அதுதான் இடம்.

கான்வேயில் செய்ய வேண்டியவை இரண்டு: பெட்ரோல் டாங்கை நிரப்புவது, சாலை வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொள்வது. அடுத்த 34 மைலுக்கு பெட்ரோல் பங்க் இல்லை, கடை இல்லை, உணவகம் இல்லை, பெரும்பகுதியில் சிக்னலும் இல்லை. இரண்டு காரில் போகிறவர்கள் "போன் பண்ணிக்கலாம்" என்று பிரிந்துவிடாமல் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவிடுங்கள். ஒரு முறை பெட்ரோல் விளக்கு எரிந்தபடி கணவாயிலிருந்து லிங்கனுக்கு நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறக்கலாமா என்று யோசித்தவன் சொல்கிறேன், கேளுங்கள். (அப்படி உருட்டக்கூடாது. இறக்கத்தில் கியரில்தான் வர வேண்டும்.)

கான்வேயிலிருந்து ஆறு மைலில் வலது பக்கம் அல்பனி மூடுபாலம். 1858இல் கட்டியது, மரத்தாலான கூரையும் சுவரும் கொண்டது. பாலத்தின் உயரம் குறைவு, கூரையில் பெட்டி கட்டிய வண்டிகள் நுழைய வேண்டாம். இறங்கி நடந்தே பாருங்கள். அடுத்து லோயர் ஃபால்ஸ், அதற்குச் சற்று மேலே ராக்கி கார்ஜ். ஸ்விஃப்ட் ஆறு பாறை இடுக்கில் பாய்கிற இடம். எல்லோரும் நடைபாலத்தில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பாலத்தைத் தாண்டி இரண்டு நிமிடம் நடங்கள், மரங்களுக்குள் ஃபால்ஸ் பாண்ட் என்று ஒரு சின்னக் குளம் இருக்கிறது. ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், குளமோ அசையாமல் கிடக்கும். மேலே உள்ள நிறமெல்லாம் அதற்குள்ளும் இருக்கும்.

சப்படே அருவிக்கு அரை மைலுக்கும் குறைவான நடை, பெரியவர்களும் மெதுவாகப் போய்விடலாம். அதற்கு முன்னால் வலது பக்கம் பேர் நாட்ச் சாலை பிரியும். ஒன்பது மைல் போய் பார்ட்லெட் என்ற ஊரில் 302ஆம் எண் சாலையைத் தொடும். காங்கில் கூட்டம் தாங்கவில்லை என்றால் தப்பிக்கும் வழி அதுதான்.

அப்புறம் ஏற்றம். சுகர் ஹில், கிரஹாம் வாங்கன், கணவாய் தாண்டியதும் பெமிஜெவாசெட், அதற்குக் கீழே கொண்டை ஊசி வளைவில் ஹான்காக் என்று வரிசையாகக் காட்சி மேடைகள். ஏறும்போதே இலை நிறத்தைக் கவனியுங்கள். கீழே பச்சையும் மஞ்சளும் கலந்து நின்றது, ஆயிரத்தைந்நூறு அடியில் ஆரஞ்சாகி, கணவாய்க்குப் போவதற்குள் பிர்ச் மரங்கள் பாதி உதிர்ந்து வெள்ளைத் தண்டு மட்டும் தெரியும். ஒரு நாள் பயணத்துக்குள் மூன்று வாரத்தைக் கடந்துவிடுவீர்கள். எந்த உயரத்தில் நிறம் உச்சத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போதோ மறுநாளோ மலையில் எங்கே சுற்றினாலும் அந்த உயரத்திலேயே சுற்றினால் போதும்.

சில இடங்களில் நிறுத்த நாள் கட்டணம் 5 டாலர். உறையில் பணத்தைப் போட்டு, இரும்புக் குழாய்ப் பெட்டியில் நுழைத்து, கிழித்த சீட்டைக் கண்ணாடியில் வைக்க வேண்டும். அங்கே சில்லறை தர ஆள் கிடையாது என்பதால் ஐந்து டாலர் தாளைக் கையில் வைத்திருங்கள். ஒரு சீட்டு அன்றைக்கு முழுக்க அந்தக் காட்டுக்குள் செல்லும்.

படம் எடுப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: உச்சி வெயிலில் எடுத்தால் நிறம் வெளிறிப் போகும். மேகமூட்டமான நாள் என்று சலித்துக்கொள்ளாதீர்கள், அன்றைக்குத்தான் சிவப்பு அடர்த்தியாக விழும். வெயில் நாளில் இலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நில்லுங்கள்.

சாப்பாடு, துணி, கழிப்பறை

எலுமிச்சைச் சோறு, தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் உணவை மேசையில் வைத்துவிட்டு அருவி பார்க்கப் போகாதீர்கள், கருங்கரடி இருக்கிற காடு. குப்பையை வண்டியிலேயே கட்டி எடுத்து வந்துவிட வேண்டும்.

கணவாயில் காலை நேரத்தில் குளிர் சுழியத்தை நெருங்கும், கான்வேயில் மதியம் ஸ்வெட்டரைக் கழற்றுவீர்கள். அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்வதுதான் வழி. ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் காதை மூடும் குல்லா கட்டாயம். கழிப்பறைகள் பெரும்பாலும் குழிக் கழிப்பறைகள், தண்ணீர் வசதி இராது. தனியாக ஒரு பாட்டில் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். இதை எந்தச் சுற்றுலா ஏட்டிலும் எழுத மாட்டார்கள். நம் ஆட்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத்தான் தெரியும்.

சாலையில்

நடுச்சாலையில் பிரேக் போட்டுப் படமெடுப்பது இங்கே நடக்கும் விபத்துக்கு நல்ல வழி. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டால் ஒதுக்கிடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள். ஈரமான இலைப் படுகையில் டயர் வழுக்கும், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் ஆறேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இருட்டியபின் மூஸ் என்னும் பெருங்காட்டு மான் சாலைக்கு வரும். கரிய உடல், உயரமான கால். நம் விளக்கொளி அதன் கண்ணில் பட்டு மின்னுவதற்கு வாய்ப்புக் குறைவு. எச்சரிக்கைப் பலகைகளை அலங்காரத்துக்கு வைக்கவில்லை.

பிறர் வீட்டு நிலத்துக்குள் போகாதீர்கள். வெர்மான்டில் பாம்ஃப்ரெட் என்ற சிற்றூரில் ஓர் அழகான பண்ணை வீடு இணையத்தில் பிரபலமாகி, படமெடுக்க வந்த கூட்டம் வேலி தாண்டித் தோட்டத்துக்குள் புகுந்து, கடைசியில் 2023இல் இலையுதிர்க் காலத்தில் வெளியாட்களுக்கு அந்தச் சாலையையே மூடினார்கள். வெள்ளைத் தேவாலயமும் சிவப்புக் களஞ்சியமும் பொதுச் சாலையிலிருந்தே நன்றாகத் தெரியும்.

தவறவிட்டவர்களுக்கு

அக்டோபர் நடுவில்தான் நேரம் கிடைக்கிறது என்றால் காங்கை விடுங்கள், மாசசூசெட்ஸின் மேற்கே மோஹாக் டிரெய்ல் எனப்படும் 2ஆம் எண் சாலைக்குப் போங்கள். மாதக் கடைசி என்றால் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டு குன்றுகள், நியூயார்க்கில் பேர் மவுண்டன். நிறத்தோடு நீங்களும் தெற்கே இறங்கிக்கொண்டே போகலாம்.

வடக்கேதான் போவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் ஒன்று மிச்சமிருக்கிறது. டாமராக் என்று ஒரு மரம். பார்த்தால் ஊசியிலை மரம், ஆனால் மற்ற ஊசியிலை மரங்களைப் போல வருடம் முழுக்கப் பச்சையாக இருக்காது. மேப்பிள் எல்லாம் உதிர்ந்து முடிந்தபின், அக்டோபர் கடைசியில், தனியாகப் பொன்னிறமாகி உதிரும். சதுப்பு நிலத்தில் நிற்கும். லிங்கனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வைட்ஃபீல்டு, அங்கே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கியிருக்கிறார்கள். ஏற்றமே இல்லாத ஒன்றரை மைல் நடையில் செர்ரி பாண்ட் என்ற ஏரி, பின்னணியில் உயர்ந்த மலைத்தொடர். அதையடுத்த சின்ன ஏரியைச் சுற்றி டாமராக். அந்தக் காப்பகத்தின் பெயர்தான் விசேஷம்: பாண்டிச்சேரி. அதே எழுத்துகள், அதே உச்சரிப்பு. பலகையைப் பார்த்ததும் மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். "மாப்ள, பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?" என்றார்.